ஊர்ப் பெட்டியோடு ஒரு கப்பல் பயணம்

என் வாழ்க்கையில் நான் ஒரேயொரு முறைதான் உல்லாசக் கப்பலில் போயிருக்கிறேன். கப்பல் மூழ்கவில்லை. மூழ்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் குடியிருந்தோம் (இப்போதும் அங்கேதான், அதே நாலாம் மாடி, அதே ஓடாத லிஃப்ட்). தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. கல்யாண வீடு, பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடு என்று வருகிற எத்தனையோ குடும்பங்களைத் தலை முதல் கால் வரை உடுத்தி அனுப்பியிருக்கிறேன். தாய்க்கும் மகளுக்கும் கடைக்குள் சண்டை வந்தால் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரையும் சமாதானமாக்கி, இரண்டு சேலையும் விற்று அனுப்புவேன். அந்தத் திறமை கடை வாசலைத் தாண்டி வீடு வரைக்கும் ஒருநாளும் வந்ததில்லை.

கப்பலில் போவது என் யோசனைதான். பாரிஸுக்கு வெளியே ஓல்னேயில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை குடும்பமாகப் போய்வந்து படம் படமாக அனுப்பித் தள்ளினாள். அன்றிலிருந்து என் கணவருக்கு வீட்டில் நிம்மதி போயிற்று. அவர் ஓர் உணவகத்துச் சமையலறையில் இருபது வருடமாக நின்றபடியே வேலை செய்பவர். லீவு என்றால் படுப்பது என்று நம்புகிறவர். "கப்பலிலையும் படுக்கலாம்தானே" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். உள்ளுக்குள் எனக்கு வேறொரு பயமும் இருந்தது. மகள் அபிக்கு அப்போது பதினேழு. அடுத்த வருடம் பள்ளிக்கூடம் முடிக்கிற பக் பரீட்சை எழுதிவிட்டு வேறு ஊருக்குப் படிக்கப் போய்விடுவாள். நாலு பேரும் சேர்ந்து போகும் கடைசிப் பயணம் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே நான் சும்மா இருக்கவில்லை. ஏழு நாளுக்கும் என்ன நிறம், யார் எதை உடுத்துவது என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். முதல் நாள் இரவு விருந்துக்கு நாலு பேருக்கும் மாம்பழ மஞ்சள். அபி அதை வாசித்துவிட்டு "லா ஓந்த்" என்றாள். அவமானம் என்று அர்த்தம். அந்த வருடம் அவள் என்னோடு பேசிய பிரெஞ்சில் பாதி அந்தச் சொல்தான். பதினாலு வயதுக் கவின் வாசிக்கவே இல்லை. அவனுடைய உடுப்பெல்லாம் கறுப்பு. செத்த வீட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரி தினமும் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தான். மூன்று நாள் சண்டை பிடித்து, பிள்ளைகளின் பெட்டியில் பாதி என் விருப்பம், பாதி அவர்களின் விருப்பம் என்று ஒரு முடிவுக்கு வந்தோம். (இரண்டு தரப்பும் அழுதுகொண்டே கையெழுத்து வைத்த ஒப்பந்தம்.)

இந்த இடத்தில் ஊர்ப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களவர் வீடுகளில் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி வருடம் முழுக்கக் கிடக்கும். யாராவது யாழ்ப்பாணம் போகிறார்கள் என்றால் கொடுத்துவிடுவதற்கு. சவர்க்காரம், ஷாம்பு, முழங்கால் நோவுக்குக் களிம்பு, சொக்கிலேற், பிள்ளைகளுக்கு அளவில்லாமல் போன உடுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் சேரும். எங்கள் வீட்டு ஊர்ப் பெட்டியும் மற்றப் பெட்டிகளும் லா சப்பலில் ஒரே கடையில் ஒரே மலிவு விற்பனையில் வாங்கியவை. எல்லாம் ஒரே கருநீலம்.

அந்தப் பெட்டியின் அடியில், சவர்க்காரங்களுக்கும் கீழே, அபியின் பச்சைச் சட்டை கிடந்தது.

வைத்தது நான்தான். பிறத்தியார் வீட்டில் பிள்ளை பார்க்கப் போய்ச் சம்பாதித்த காசில் அவளே ஆசைப்பட்டு வாங்கிய சட்டை அது. தோளில் நூல் மாதிரி இரண்டு பட்டி, முழங்காலுக்கு மேலே நாலு விரல். ஏப்ரல் மாதம் இனேஸின் பிறந்தநாளுக்கு அதைப் போடப் போகிறேன் என்றாள். லா சப்பலில் என் கடைக்கு முன்னால் அவள் அந்தச் சட்டையோடு நடந்துபோக, உள்ளே இருக்கும் சனம் என்னைத் திரும்பிப் பார்க்கிற காட்சி எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அவள் பள்ளிக்கூடம் போன நேரம் எடுத்து ஊர்ப் பெட்டியின் அடியில் செருகினேன். எறிய மனம் வரவில்லை, புதுத் துணி. எங்கள் ஊர் கொக்குவிலில் யார் அதைப் போடுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. எங்களை நாடு கடத்தாமல் வைத்திருந்த பிரான்சிலிருந்து நான் ஒரு சட்டையை நாடு கடத்தப் பார்த்தேன்.

அபி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். மூன்று முறை என்னிடம் கேட்டாள். மூன்று முறையும் "நான் காணேல்லை" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "உன்ரை கூட்டாளியள் ஆரும் கொண்டு போயிருப்பினம்" என்றும் சொல்லிவைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற கூட்டாளி ஒருத்திதான். இனேஸ். நாலு தெரு தள்ளி இருக்கிறவள். மூன்று வயதில் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் சேர்ந்தார்கள். என் கையால் புட்டுச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. அபியைப் போலவே என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அபியின் உடுப்பை அவள் போடுவாள், அவளுடையதை அபி போடுவாள். அதனால் என் பேச்சு வேலை செய்தது. அபி அவளிடம் கேட்டாள், வார்த்தை தடித்தது, அதன் பிறகு இனேஸ் வீட்டுக்கு வரவில்லை. பதினாலு வருடச் சிநேகிதம். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நானும் ஏப்ரலிலிருந்து யூலை வரைக்கும் இழுத்துவிட்டேன். அப்போது என்னை நானே பார்த்திருந்தால் என்னோடு பேசியிருக்கமாட்டேன்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் நான் கொண்டுபோகிற இரண்டு பெட்டிகளின் கைப்பிடியிலும் சிவப்புச் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினேன். துறைமுகத்தில் ஆயிரம் பெட்டிகளுக்குள் அடையாளம் தெரியவேண்டும் அல்லவா. ஊர்ப் பெட்டியில் ஏற்கனவே அப்படியொரு துணி இருந்தது. ஒப்பந்தத்தில் தோற்றுப்போன உடுப்புகளை அடைத்துவைக்க அதையும் வெளியே இழுத்து, வீட்டு நடையில் எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் விட்டிருந்தேன். பிள்ளைகளின் பெட்டி அவர்களின் அறையில் இருந்தது. அபி அதிலிருந்த சிவப்புத் துணியைக் கழற்றிக் குப்பையில் போட்டது எனக்குத் தெரியாது.

காலையில் நான் ரயிலுக்குக் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பெட்டிகளைக் கீழே இறக்கினார்.

"இஞ்சரும், சிவப்புத் துணி கட்டினதுதானே?"

"ஓம், ரெண்டு."

"இதென்ன இந்தப் பாரம், கல்லே வைச்சிருக்கிறீர்?"

"பிள்ளையளின்ரை உடுப்பப்பா. ஏழு நாளுக்கு வேண்டாமே?" என்று அடுப்படியில் நின்றபடி பெருமையாகச் சொன்னேன்.

மார்செய் துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள், அறைக்குக் கொண்டுவந்து தருவார்களாம். மூன்று மணிக்குக் கப்பல் அறைக் கதவுக்கு வெளியே இரண்டு பெட்டிகளும் வந்து நின்றன. பிள்ளைகளின் பெட்டியைக் கவின் திறந்தான். மேலே ஒரு மாம்பழ மஞ்சளும் இல்லை. பன்னிரண்டு சவர்க்காரமும் ஒரு பால்மா டின்னும் இருந்தன.

"அம்மா, இது எங்கடை பெட்டி இல்லை" என்றான்.

வந்து நின்றது ஊர்ப் பெட்டி. அபி மெதுவாக, சிவப்புத் துணியைத் தான் கழற்றியதை ஒத்துக்கொண்டாள். அந்தக் கணத்தில் நான் என்ன செய்திருக்கவேண்டும்? பெட்டியை மூடி அதன் மேல் ஏறி இருந்திருக்கவேண்டும். ஆனால் மகள் செய்த பிழை ஒன்று கையில் கிடைத்துவிட்டது. மாதக்கணக்காக அவளிடம் நான் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தேன். விடுவேனா?

"ஒரு காரியத்தைச் செய்தால் சொல்லோணும், பிள்ளை" என்று தொடங்கினேன். "ஒளிச்சுச் செய்யிறதுதான் பிழை. துணி வெக்கமாக் கிடக்கு எண்டு என்னட்டைச் சொல்லியிருந்தால் நான் என்ன தின்னப்போறனே? வீட்டுக்குள்ளை ஒருத்தருக்கொருத்தர் உண்மையா இருக்கோணும்." இன்னும் நிறையச் சொன்னேன். நல்ல தமிழில், நல்ல ஓட்டத்தோடு சொன்னேன். என் கணவர்கூடப் படுக்கையிலிருந்து எழுந்து இருந்து கேட்டார்.

நான் பேசப் பேச, போடுவதற்கு ஏதாவது இருக்குமா என்று அபி பெட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அவளுடைய பத்து வயதுச் சட்டைகள் வந்தன. கரடி படம் போட்ட கவினின் பெனியன் வந்தது. பெரியப்பா அளவில் நாலு ஷேர்ட் வந்தது. பிறகு கை அடிக்குப் போயிற்று. "உண்மை" என்ற சொல் என் வாயில் பாதியில் நின்றது.

அவள் பச்சைச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து வெளியே எடுத்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. வீட்டில் எதற்கும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, நான் இனேஸிட்டை இப்ப என்ன சொல்லோணும்?"

என் கணவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் எடுத்தது. புரிந்ததும் அவர் என்னைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். அவர் கப்பலுக்கு வந்து கடலைப் பார்த்தது அப்போதுதான் முதல் தரம்.

விருந்துக்குப் போகத்தான் வேண்டியிருந்தது, பசித்தது. எங்கள் பெட்டி வந்திருந்ததால் எனக்கும் அவருக்கும் மாம்பழ மஞ்சள் இருந்தது. கவின், ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கு வைத்திருந்த கட்டம் போட்ட ஷேர்ட்டை முழங்கால் வரைக்கும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். அபி பச்சைச் சட்டையைப் போட்டாள். வேறு என்ன இருந்தது? அவள் மீது களிம்பு வாசம் அடித்தது. ஆனால் சட்டை அவளுக்கு அவ்வளவு வடிவாக இருந்தது. அந்தப் பெரிய மண்டபத்தில் அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார்கள், என்னையும் என் கணவரையும், இரண்டு பழுத்த மாம்பழங்களை. கப்பல் படப்பிடிப்பாளர் வந்து சிரிக்கச் சொன்னார். அந்தப் படம் இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது. நாலு பேரில் சிரிக்கிறவன் கவின் மட்டும்தான்.

மிச்ச ஆறு நாளும் இறங்கின ஊர்ச் சந்தைகளில் அது இது வாங்கிப் போட்டுச் சமாளித்தோம். அபி என்னோடு மரியாதையாகப் பேசினாள். உப்பை எடுத்துத் தருவாள், நன்றி சொல்லுவாள். அதைவிட அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். பாரிஸுக்குத் திரும்பும் ரயிலில், "நான் இனேஸ் வீட்டை போய்ச் சொல்லுறன், பிள்ளை" என்றேன்.

"வேண்டாம் அம்மா. கள்ளி எண்டு சொன்னது நான்தானே."

அவளே எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். இனேஸிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. அவ்வளவுதான். செப்டம்பரில் மெத்ரோ வாசலில் நான் அவளைக் கண்டேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன், பாதியில் அழுதும்விட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "பரவாயில்லை, மதாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அம்மா என்று கூப்பிட்ட வாய்.

வீட்டில் இது பகிடியாகிவிட்டது. எதைத் தேடினாலும், "ஊர்ப் பெட்டியிலை பாத்தாச்சோ?" என்பார்கள். என் கணவரின் கண்ணாடிக்கும் அதே கேள்வி, தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் அதே கேள்வி. விசேஷத்துக்கு உறவுக்காரர் கூடினால் கவின் எழுந்து, பெரியப்பா ஷேர்ட்டோடு தான் நடந்துபோனதை நடித்துக் காட்டுவான். என் உண்மைப் பிரசங்கத்தையும் சொல்லிக் காட்டுவான். எல்லாரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கதை எப்போதும் மாம்பழங்களோடு முடியும். இனேஸின் பெயர் அதில் வராது. அபி அதைச் சொல்லவிடுவதில்லை.

அபி இப்போது லீல் நகரத்தில் படிக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது அவளுடைய சாம்பல் நிறச் சால்வையைக் காணவில்லை என்று தேடினாள். என்னிடம் கேட்டாள். "நான் காணேல்லை" என்றேன். மேசையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அபியும் சிரித்தாள். ஞாயிறு மத்தியானம் நான் மடித்த உடுப்பை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குப் போனேன். அவள் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்துத் திறந்து, கையை அடி வரைக்கும் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் லீலிலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, சால்வை இஞ்சை என்ரை அறையிலைதான் கிடந்தது." பிறகு, "நான் உங்கடை பெட்டியைத் திறந்து பாத்தனான்" என்றாள்.

"ஓம், கண்டனான்."

"சொறி, அம்மா."

"ஏன் சொறி? பாக்கத்தானே வேணும், பிள்ளை" என்றேன். அதற்கு அவள் இல்லை என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பிறகு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.