பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்த கிடார்

அன்பு மகனுக்கு,

லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற உன் அப்பா எழுதுவது. அம்மா சௌக்கியம். வீடு சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, கதவைத் தாழ் போட்டுத்தான் படுக்கிறாயா, உன் கட்டிடத்து லிஃப்டில் இந்த வருஷத்து சர்டிபிகேட் மாட்டியிருக்கிறார்களா என்பதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுதவும்.

நீ போனில் சொன்னதிலிருந்து ராத்திரியில் இரண்டு தரம் எழுந்து கதவுத் தாழைச் சரிபார்க்கிறேன். மாதக் கடைசியில் வங்கி வேலையை விடப் போகிறாய், சிநேகிதர்களோடு சேர்ந்து கிடார் வாசித்தே பிழைக்கப் போகிறாய், அதற்கு உசத்தியான மஹோகனி மரத்துக் கிடார் வேண்டும், நம் ஊரில் ஒருவர் பழையது விற்கிறார், "நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்கப்பா, சோதிச்சுப் பாக்கற கண்ணு உங்களுக்குத்தான் இருக்கு" என்றாய். வேலையை விடாதே என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணைப் புகழ்ந்து வாயை அடைத்துவிட்டாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏதாவது விரிசலைக் கண்டுபிடித்து, இது தேறாது என்று எழுதிவிடலாம், கிடார் இல்லையென்றால் இந்த நினைப்பும் ஆறிப்போகும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

பழசைப் பார்க்கும் முன் புதுசு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாய் அல்லவா, அதனால் முதலில் கடைக்குப் போனேன். கண்ணாடி அறை. கிடார்களுக்கு வியர்க்கக் கூடாது, காயவும் கூடாது என்று சுவரில் ஈரப்பதம் காட்டும் முள். தாடி வைத்த ஒரு விற்பனையாளர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, இடுப்பைப் பார்த்தார்.

"சார், பெல்ட்டைக் கழட்டிடுங்க."

"எதுக்குப்பா?"

"பக்கிள் உரசினா பின்பலகையில கீறல் விழும் சார். வாட்ச், சட்டைப்பையில இருக்கற பேனா, எல்லாத்தையும் எடுத்துடுங்க."

ரிடையர் ஆனதிலிருந்து நான் இளைத்துப்போனது உனக்குத் தெரியும். என் பேண்ட் இடுப்பில் நிற்பதே பெல்ட்டின் தயவில். ஒரு கையில் கிடார், ஒரு கையில் பேண்ட் என்று நின்றுகொண்டு விலைச்சீட்டைப் பார்த்தேன். கிடாரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன், பேண்ட்டைப் பிடித்த கை தளர்ந்தது. சமாளித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், இந்தக் கம்பிகளின் இழுப்பு எவ்வளவு என்று கேட்டுத் தொலைத்தேன். எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆள் தொங்குகிற பாரம் என்றார். குழந்தையா என்றேன். நல்லா வளர்ந்த ஆள் சார் என்றார். பலகை என்ன கனம் என்றால், இரண்டு நாணயத்தை அடுக்கின கனமாம்! "பிரேக் எங்கே இருக்கு?" என்று கேட்டேன். "அறுந்தா டங்குன்னு சத்தம் வரும் சார், புதுசு மாட்டிக்கலாம்" என்கிறார். அந்த இழுப்பில் பலகை நாளாவட்டத்தில் லேசாக உப்புமாம், அதற்குக் கவலைப்படக் கூடாதாம். என் சர்வீஸில் எதுவாவது உப்பியிருந்தால் அந்த நிமிஷமே இழுத்துப் பூட்டி சீல் வைத்திருப்பேன். இவர் என்னடாவென்றால், "புதுசு முதல்ல கொஞ்சம் இறுக்கமாத்தான் பேசும். தினமும் வாசிச்சாத்தான் தொண்டை திறக்கும், சும்மா வச்சா ஊமைதான்" என்று ஆசீர்வாதம் வேறு செய்தார். நான் கிடாரை அதன் ஆணியில் மாட்டிவிட்டு, அது என்னைப் பார்க்காத பக்கமாக நடந்து வெளியே வந்தேன்.

அடுத்தது பழசு. விற்கிறவர் ஓர் இன்சூரன்ஸ் மேனேஜர். அந்தக் கட்டிடத்து லிஃப்டில் சர்டிபிகேட் இல்லாததால் படியேறிப் போனேன். மூச்சு வாங்க மணியடித்தால், அவர் கதவைப் பாதி திறந்து உதட்டில் விரலை வைக்கிறார். "மெதுவா வாங்க சார், வீட்ல உள்ளதான் இருக்காங்க." சரி, திருட்டுச் சாமான், போலீஸ் வரப்போகிறது, உன் பெயரைச் சொல்லக் கூடாது, அடிவாங்கினாலும் சொல்லக் கூடாது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். அலமாரி மேலே பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு உறையை இறக்கினார். கடையில் கற்ற மரியாதை மறக்காமல் நான் பெல்ட்டை உருவினேன். மனுஷன் பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"சார்! என்ன சார் பண்றீங்க?"

"பக்கிள்..."

"ஓ, ஆமா ஆமா. எனக்கு மறந்தே போச்சு சார்."

டார்ச் அடித்தேன். சவரக் கண்ணாடியைத் துளைக்குள் விட்டுப் பார்த்தேன். இரும்பு ஸ்கேலை வைத்துக் கழுத்தைப் பார்த்தேன். என்ன சொல்ல, ஒரு கீறல் இல்லை. பலகையில் நகம் பட்ட தடம் இல்லை. கம்பி அழுந்துகிற இடத்தில் தேய்மானமே இல்லை. குற்றம் கண்டுபிடிக்கவே வந்த எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

"எப்ப வாங்கினது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"வாசிக்கறதே இல்லையா?"

"அப்பா சொன்னாரு சார், முதல்ல வேலையில கால் ஊனிக்கோ, அப்புறம் வாசிக்கலாம்னு. ஊனிக்கிட்டேன். அப்புறம் ப்ரமோஷன் வரட்டும்னு இருந்தேன். அதுவும் வந்துச்சு. அப்புறம்..." என்று கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நல்ல அப்பா என்று நான் சொன்னேன். அவர் உறையின் தூசியைத் துடைத்தார்.

சத்தம் கேட்காமல் சோதனை முடியாதே, அதனால் வாசித்துக் காட்டச் சொன்னேன். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்பியை முறுக்கி, ஏதோ ஒன்றைத் தொடங்கினார். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு விரல் வழி தவறியது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி அதே இடத்தில் தவறியது. அப்போது சமையலறைக் கதவு திறந்தது. நான் இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், என் பெல்ட் அவர்கள் சோபாவில் கிடக்கிறது. மானம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லையடா.

"யாருங்க வாசிச்சது?"

"நான்தான்."

"நீங்களா? நீங்க வாசிப்பீங்களா?"

அவர்கள் பெண் காலேஜே முடித்துவிட்டாளாம், இத்தனை வருஷத்தில் அவர் வாசித்து அந்த அம்மாள் கேட்டதே இல்லையாம். அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பேண்ட் இறங்கிக்கொண்டிருந்தது, கவனிக்க அந்த வீட்டில் ஆளில்லை. நான் பெல்ட்டை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். கீழே வாட்ச்மேன் பிடித்துக்கொண்டு, பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கிருந்து ஓடி வருகிறீர்கள் என்று விசாரித்ததை எழுத விருப்பமில்லை.

ஆகவே என் முடிவு: கிடார் வேண்டாம். புதுசு விலை ஆளைக் கொல்லும், பழசு வீட்டில் கலகம் மூட்டும், இரண்டிலும் ஒரு வளர்ந்த ஆள் தொங்கிக்கொண்டே இருக்கிறான். வேலையை விடாதே. நீ சம்பளம் இல்லாமல் எங்கேயோ பசியோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் வங்கியில் மேலே வா, அப்புறம் வாசிக்கலாம். கிடார் எங்கே ஓடிப்போகிறது?

நீ ஏறுகிற லிஃப்ட் எல்லாம் நீ நினைத்த மாடியில் நிற்கட்டும், கதவு தடையில்லாமல் திறக்கட்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உனக்காகவே பயந்துகொண்டிருக்கும்
அப்பா

பி.கு.: கவரை ஒட்டும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கிடார் எங்கே ஓடிப்போகிறது" என்ற இடத்தில் அந்த மேனேஜர் திருப்பிப் பார்த்த கைகள் ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். தினமும் ஓடித் தேய்கிற லிஃப்டுக்கு நான் பயந்ததே இல்லையடா. வருஷக்கணக்காகப் பூட்டியே வைத்த, கீறல் இல்லாத லிஃப்ட் ஒன்றுக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அம்மா கேட்டாள், "நீங்களும் எங்கிட்ட எதையாவது மூடி வச்சிருக்கீங்களா?" பயத்தைத் தவிர ஒன்றுமில்லை என்றேன். "அதையா மூடி வச்சிருக்கீங்க? ஊருக்கே தெரியுமே! போங்க, போய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மேனேஜர் வீட்டுக்குப் போனேன். படியிலேயே சத்தம் கேட்டது. அதே பாட்டு, அதே இடத்தில் தவறி, மறுபடி முதலிலிருந்து. கதவைத் திறந்த அந்த அம்மாள், "அது விக்கறதுக்கு இல்லைங்க" என்றார். நேரே கடைக்குப் போனேன். தாடிக்காரர் சொல்வதற்கு முன்பே பெல்ட்டைக் கழற்றினேன். விலையைக் கேட்காதே.

இப்போது உன் கட்டிலில் கிடக்கிறது. கம்பி அறுந்து தெறிக்குமோ என்று அதன் எதிரே நாங்கள் நடப்பதில்லை, சுவரோரமாகத்தான் போகிறோம். எழுதியதைக் கிழிக்க மனசில்லாமல் மேலே உள்ளதையும் சேர்த்தே அனுப்புகிறேன். பயம் இன்னும் போகவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. வரும்போது பெல்ட் போட்டுக்கொண்டு வராதே.