மைனஸ் அஞ்சு கடைசியில்தான்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் செவன் ஹில்ஸில், எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒழுங்காக விளக்கை அணைக்கத் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர்: ஐந்நூற்றெண்பது அண்ணன்.

யாழ்ப்பாணத்துக்காரர். சோவியத் யூனியன் உடைவதற்கு முன் அங்கே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். பட்டத்தோடு, காலுறைக்குள் ஒரு சிப்பையும் ஒளித்துக் கொண்டுவந்தார். அமெரிக்கச் சிப்பைப் பார்த்து சோவியத்காரர்கள் செய்த நகல்; பெயரில் 580 வரும். அதை வைத்து கராஜில் ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருந்தார். எட்டு விளக்குகளைக் கண்சிமிட்ட வைப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை.

"அமெரிக்கன்ர மூளை அப்பிடியே இருக்கு, தம்பி. அவன்ர வியாதியையும் சேர்த்துக் கொப்பி அடிச்சிட்டாங்கள்!"

வியாதி இதுதான். சிப்புக்கு மூன்று வோல்டேஜில் மின்சாரம் வேண்டும்: பிளஸ் பன்னிரண்டு, பிளஸ் ஐந்து, மைனஸ் ஐந்து. மைனஸ் ஐந்து முதலில் வந்து கடைசியில் போகவேண்டும். வரிசை மாறினால் சிப் எரிந்துவிடும்.

"அந்த மைனஸ் அஞ்சு என்னதாண்ணே பண்ணுது?"

"ஒண்டும் செய்யாது. சும்மா நிக்கும். அது நிக்காட்டி மற்ற ரெண்டும் சிப்பைத் திண்டுடும். எங்கட பரிமளம் மாதிரி."

குசினியிலிருந்து அவர் மனைவி பரிமளம் அக்காவின் குரல் வந்தது: "ஓமோம், நான் சும்மாதான் நிக்கிறன். இண்டைக்குச் சோறும் சும்மா வரும், சாப்பிடுங்கோ!"

அண்ணனோடு எங்கே போனாலும் அக்காதான் முதலில் நுழையவேண்டும், கடைசியில் வெளியேறவேண்டும். ஒருமுறை பல்வலி அண்ணனுக்கு; ஆனால் முன்னால் போன அக்காவைக் கதிரையில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார் பல் டாக்டர்.

இன்னொரு முறை அக்கா கிரெய்கிபர்ன் என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். தெருவுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. கருகிய குசினிக்கு முன்னால் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று அண்ணன் பெருமையாகச் சொன்னார்: "பாத்தியளே? மைனஸ் அஞ்சு இல்லை. எரிஞ்சிட்டுது!"

இந்தக் குளிர்காலத்தில் அவருடைய நுரையீரல் கைவிட்டது. மூச்சு மெஷினை நிறுத்தப்போகிறோம், நிறுத்தினால் சில நிமிடங்கள்தான் என்றார்கள் டாக்டர்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் கைப்பையை இறுக்கிக்கொண்டு அக்கா நின்றார்.

"என்னால பாக்கேலாது, தம்பி. நான் வெளியில நிக்கிறன். நீங்கள் போங்கோ."

நான் சொன்னேன்: "உங்களை ஒரு இடத்துலயும் அண்ணன் முதல்ல வெளிய வர விட்டதில்லையேக்கா."

"எரிஞ்சிடும் எண்டுவார்," என்றார் அக்கா. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

எல்லாம் அடங்கி நாங்கள் வெளியே வந்த பிறகும் அக்கா வரவில்லை. நர்ஸ் கதவையே பார்த்தாள்.

"வருவாங்க. எப்பவும் அவங்கதான் கடைசி," என்றேன்.

கராஜில் எட்டு விளக்குகளும் இன்னும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் தெருவில் ஒருவருக்கும் அணைக்கத் தெரியாது.