எண்ணெய்க் கப்பலும் எலும்பு சூப்பும்

பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் ஆள்கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற கணேசமூர்த்தி, ஒரு திங்கட்கிழமை காலை ஓட்ஸ் கஞ்சியை முறைத்துப் பார்த்தபடி, உலகத்தையே உலுக்கும் நாவல் ஒன்றை எழுதுவதென்று தீர்மானித்தார். நடுக்கடலில் எண்ணெய்க் கப்பல். கரையில் லஞ்சம் வாங்கும் அமைச்சர். கப்பலுக்குக் குண்டு வைக்கப் பயங்கரவாதிகள். ஆயிரம் பக்கம். ஒரு பக்கம் குறைந்தாலும் அவருக்கு அவமானம்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். நாவலைவிட நாவலுக்கான ஆராய்ச்சிதான் அவருக்கு முக்கியம். ரெம்பாவ் கிளினிக்கில் கொலஸ்ட்ரால் எகிறிவிட்டது என்று சொன்ன நாளே, மனைவி தனலெட்சுமி பொரிக்கிற சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். வெளியில் கை நனைத்தது தெரிந்தால் மோட்டார் சைக்கிள் சாவியும் போய்விடும் என்று வேறு சொல்லியிருந்தாள். மோட்டார் இல்லாத மனுஷனுக்கும் தோட்டத்தில் நட்ட செம்பனை மரத்துக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே வியாழன்தோறும் நோட்டுப்புத்தகத்தோடு தகவல் சேகரிக்கக் கிளம்பினார். தகவல் முழுவதும் பெடாஸில் நாகூர் கனியின் சாப்பாட்டுக் கடையில், ஒரு கிண்ணம் ஆட்டெலும்பு சூப்பில் இருந்தது. கனி வாயைத் திறக்காமல் இருக்க, கதாநாயகனுக்கு அவர் பெயரையே வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஊழலைப் பற்றி எழுதுகிறவருக்கு இதுகூடத் தெரியாதா? கனியும் வாங்கிய லஞ்சத்துக்கு நாணயமாக நடந்துகொண்டார்.

எழுதியதையெல்லாம் போனில் தட்டித் தருவது தனலெட்சுமி வேலை. பதினோராம் அத்தியாயத்தில் அவள் விரல் நின்றது. அமைச்சர் இருபது மில்லியன் ரிங்கிட் லஞ்சம் வாங்குவது மூன்றே வரி. அதே மேசையில் பயங்கரவாதி சூப் குடிப்பது நாலரைப் பக்கம். குண்டு எந்தப் பையில் இருக்கிறது என்று எழுத மறந்தவர், மல்லித்தழை கிண்ணத்தின் எந்தப் பக்கம் மிதந்தது என்று எழுதியிருந்தார்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. விமர்சகியானாள்.

"என்னங்க, கதை நல்லாத்தான் போவுது. ஆனா இந்த எடம் நம்புற மாதிரி இல்லலா. காலையில பத்து மணிக்கே சூப் முடிஞ்சிருமாம். எந்தக் கடையில முடியுது? சும்மா வீட்டுல உக்காந்து கற்பனையில அடிச்சி விட்டிருக்கீங்க."

கணேசமூர்த்திக்குச் சுருக்கென்றது. கிராணி வேலையில் வராத ஆளை வந்ததாக ஒருநாளும் எழுதாதவர். அவரைப் பார்த்தா இந்தப் பேச்சு?

"கற்பனையா? வியாழக்கிழம பத்து மணிக்கு மேல போனா வெறும் சட்டிதான் இருக்கும். அதுக்குத்தான் நான் ஒம்பதரைக்கே போயி உக்காந்துருவேன்."

"ஒருநா போயிட்டு வந்து, எப்பவும் அப்படித்தான்னு எழுதலாமாங்க?"

"ஒருநாளா? பதினாலு வியாழன் போயிருக்கேன்."

தான் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் அவருக்கு வேர்த்தது.

தனலெட்சுமி கத்தவில்லை. ஆணியில் தொங்கிய மோட்டார் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். எது நின்றாலும் ஆராய்ச்சி நிற்கக் கூடாது என்றும், வியாழக்கிழமை தானே கூட்டிப் போவதாகவும் சொன்னாள். இப்படியொரு பொண்டாட்டி எந்த எழுத்தாளனுக்கு வாய்க்கும் என்று கணேசமூர்த்தி நிஜமாகவே உருகிப்போனார்.

வியாழக்கிழமை ஒன்பதரை மணி. அவள் மோட்டாரை ஓட்ட, அவர் நோட்டுப்புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். கனி அவர் முன்னால் பாலும் சீனியும் போடாத வரத்தேநீரை வைத்தார். ஆவி பறக்கும் கிண்ணம் தனலெட்சுமி பக்கம் போனது. அவள் ஒரு கரண்டி எடுத்து ஊதினாள்.

"நான் குடிச்சிக் குடிச்சிச் சொல்றேன். நீங்க எழுதிக்குங்க."