தோட்டா அண்ணாச்சிக்கு ஓர் எதிரி

தூத்துக்குடியில் கப்பல் வாங்கியவர்கள் உண்டு, முத்துக் குளித்துப் பங்களா கட்டியவர்கள் உண்டு. ஆனால் கையில் துப்பாக்கியே இல்லாமல் ஊர் முழுக்கத் துப்பாக்கிக்காரர் என்று பெயர் எடுத்தவர் எங்கள் தோட்டா அண்ணாச்சி ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அந்த அம்மாள் அதை வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை.

யுத்தம் முடிந்திருந்த சமயம். நான் பனைநார் ஏற்றுமதி செய்யும் ஒரு சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தா. பக்கத்துக் கட்டடத்தில் அண்ணாச்சியின் கருப்பட்டி மொத்த வியாபாரம். ஆள் வாசல்நிலை இடிக்கிற உயரம், மீசை அதற்கேற்ற அகலம். குரல் மட்டும் ஏதோ கணக்குப் பிசகில் கன்றுக்குட்டியினுடையது வந்து சேர்ந்துவிட்டது. அவர் கோபமாகத் திட்டினால் மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சேர்ந்து சிரிப்பார்.

இந்த மனிதர் ஒருநாள் ஒரு கப்பல் ஏஜெண்ட் வீட்டு விருந்துக்குப் போனார். அங்கே சுவரில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று மாட்டியிருந்தது. அதன் கீழே உட்கார்ந்து ஏஜெண்ட் என்ன உளறினாலும் பெரிய மனிதர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்களாம். மறுநாள் காலை நான் கிட்டங்கியைத் திறக்கு முன்பே வந்து நின்றார்.

"தம்பி, என்னக் கண்டு ஒரு பயலும் பயப்பட மாட்டேங்கான். தலைக்கு மேல ஒரு துப்பாக்கி தொங்கட்டும், பொறவு பாரு."

துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். ஆனால் காக்கி நிஜாருக்கு வேண்டாம், தொப்பிக்கு வேண்டாம், தோட்டா செருகுகிற தோல் பெல்ட்டுக்கும் வேண்டாம். மூன்றையும் உடனே வாங்கிவிட்டார். பெல்ட்டில் தோட்டா செருகும் ஓட்டைகள் காலியாக இருப்பது நன்றாக இல்லையென்று ஒவ்வொன்றிலும் ஒரு சுருட்டைச் செருகிக்கொண்டார். அன்றைக்கு வந்ததுதான் அந்தப் பெயர்.

மனுவை இங்கிலீஷில் நான் எழுதினேன். எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அங்கே ஹெட் கிளார்க் ஒருவர், மூக்குப்பொடி போடுகிற நேரம் போக மீதி நேரத்தில் ராஜ்யத்தைப் பரிபாலனம் செய்துகொண்டிருந்தார். துப்பாக்கி எதற்கு என்று கேட்டார். சுவரில் மாட்ட என்று சொல்ல முடியுமா? பயிரைக் காப்பாற்ற என்றார் அண்ணாச்சி. அவருக்குப் பயிர் கிடையாது. வேட்டையாட என்றார். கடற்கரையில் நண்டையா வேட்டையாடுவீர் என்று கேட்டார் ஹெட் கிளார்க். கடைசியில் உயிருக்கு ஆபத்து என்று போட்டால் நடக்கும் என்று அவரே வழி சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஆபத்து யாரால் என்று எழுத வேண்டும். அந்த ஆள் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் விசாரணை சீக்கிரம் முடியுமாம்.

"எனக்கு எதிரியே கெடையாதே" என்றார் அண்ணாச்சி.

"எதிரி இல்லாத ஆளுக்குத் துப்பாக்கி எதுக்குவே?" என்று கேட்டுவிட்டு அவர் பொடி டப்பாவைத் திறந்தார்.

அன்றிலிருந்து அண்ணாச்சி எதிரி தேட ஆரம்பித்தார். எண்ணெய்க்கடைக்காரர் வாசலில் நின்று கன்னாபின்னாவென்று திட்டிப் பார்த்தார். அவர், அண்ணாச்சிக்கு உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று ஒரு குலை இளநீர் கொடுத்தனுப்பினார். பெற்ற தகப்பனோடு பேசாத ஒரு ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். அவரிடம் போய்க் கெஞ்சினோம். ஊரில் மற்ற எல்லாரையும் வெறுத்துத் தருவதாகவும், அண்ணாச்சியை மட்டும் விட்டுவிடும்படியும் அவர் கேட்டுக்கொண்டார்.

கடைசியில் கைகொடுத்தவர் சண்முகக்கனி. உப்பள முதலாளி, அண்ணாச்சியின் பால்ய சிநேகிதர். இரண்டு பேரும் தினமும் காலையில் காப்பி கிளப்பில் ஒரே பெஞ்சு, சாயங்காலம் கடற்கரையில் ஒரே மணல்மேடு. சிநேகிதனுக்காக எதிரியாக இருக்க ஒப்புக்கொண்டார். நான் வாக்குமூலம் எழுதினேன். 'கொன்றுவிடுவேன்' என்ற இடம் வந்ததும் அவருக்கு மனசு வரவில்லை. "கைகால ஒடிப்பேன்னு போடும், அது போதும்" என்றார். கைகாலுக்கெல்லாம் துப்பாக்கி தர மாட்டார்கள் என்று எடுத்துச் சொன்ன பிறகு, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

விசாரணை எப்போது வேண்டுமானாலும் வரும், அதுவரை எதிரிகள் எதிரிகளாக இருக்க வேண்டும் என்று ஹெட் கிளார்க் உத்தரவு. சரி, ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். காகிதம் தாசில்தாரிடம் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து போலீசுக்குப் போய்ப் படுத்தது. காப்பி கிளப்பில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி குடித்தார்கள். நாவிதர்கூட ஒருவர் போன பிறகுதான் மற்றவருக்குக் கத்தி தீட்டினார். இவர் கருப்பட்டி கொடுத்தனுப்புவார், அவர் கருவாடு கொடுத்தனுப்புவார், சுமந்தது நான். தெருவில் இருவரும் எதிர்ப்படும்போது கான்ஸ்டபிள் தலை தெரிந்தால் போதும், அண்ணாச்சி ஆரம்பித்துவிடுவார்.

"நாசமாப் போவ, ஒன்ன வெட்டி உப்பளத்துல பொதைக்கேன் பாருலே!" என்று உரக்கக் கத்திவிட்டு, அதே மூச்சில் மெதுவாக, "ஏலே, இருமல் கொறஞ்சிருக்கா?" என்பார்.

இதற்கிடையில் நாடு சுதந்திரம் அடைந்தது. ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் மனு திரும்பி வந்தது. அது 'கனம் பொருந்திய துரை அவர்கள் சமூகத்துக்கு' என்று எழுதப்பட்டிருந்தது. துரை கப்பலேறிவிட்டார். புது மனு வேண்டும். பழைய விரோதம் பழைய சர்க்காரோடு போய்விட்டதால் எதிரியும் புதிதாக எழுதித் தர வேண்டும். இரண்டு கிழவர்களும் சுதந்திர இந்தியாவில் மறுபடி முதலிலிருந்து பகைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த ஹெட் கிளார்க்கின் பொடி டப்பாவைப் பிடுங்கிக் கடலில் எறியலாமா என்றிருந்தது.

அந்தச் சமயத்தில் சண்முகக்கனியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவர் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அதனால் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் ஸ்தானம் அண்ணாச்சிதான். காது குத்தியது அவர் மடியில் வைத்து. இப்போது மணவறைக்குப் போகுமுன் மாமன் மாலை போட வேண்டியதும் அவர்தான். ஆனால் சண்முகக்கனி ஊர் வழக்கப்படி அதிகாரிகள் எல்லாரையும் அழைத்திருந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டரும் வருகிறார். அவர் மேஜையில்தான் காகிதம் கடைசிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கல்யாண வீட்டில் தலை தெரிந்தால் எல்லாம் பாழ் என்று ஹெட் கிளார்க் எச்சரித்துவிட்டார்.

அண்ணாச்சி என்னிடம் மாலையைக் கொடுத்து, தன் சார்பில் போட்டுவிடச் சொன்னார். நான் கொண்டுபோனேன். அலங்காரத்தோடு இருந்த அந்தப் பெண் மாலையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"எம் மாமா வராம நான் மணவறைக்குப் போ மாட்டேன். அங்கன போயி சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். அண்ணாச்சி காக்கி நிஜாரைக் கழற்றிவிட்டுப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டார். பந்தலுக்குள் நுழைந்து, முன்வரிசையில் இருந்த இன்ஸ்பெக்டரைத் தாண்டிப் போய், பெண்ணின் கழுத்தில் மாலையைப் போட்டார். சண்முகக்கனி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்து அழுதார். மேளக்காரர்கள் எப்போது வாசிப்பது என்று தெரியாமல் விழித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "என்ன அண்ணாச்சி, இவரு உம்மக் கொல்லப் போறாருன்னுல எழுதிக் குடுத்திருக்கீரு?"

"கொல்லட்டும் சார். தாலி கட்டி முடியட்டும், பொறவு கொல்லட்டும்."

இன்ஸ்பெக்டர் முதலில் மீசையை முறுக்கினார். பிறகு சிரித்துவிட்டார். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் சிரித்தாலும் சர்க்கார் சர்க்கார்தானே. கொஞ்ச நாளில் கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் வந்தது. காப்பி கிளப்பில் பழைய பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க, நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். விசாரித்த வகையில் மனுதாரருக்கு இந்த ஊரில் எதிரிகள் ஒருவரும் இல்லை என்று தெரியவருவதால் மனு தள்ளுபடி.

அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "தம்பி, அந்த எதிரி இல்லங்கத மட்டும் இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன். சர்க்கார் காகிதங்களோடு என் ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான்; அவற்றில் இவ்வளவு உண்மையான ஒரு வரியைப் பிறகு எங்கும் நான் வாசிக்கவில்லை.