சனிக்கிழமையும் ஒரு கிழக்கு ரோடும்

எனக்குத் திசை தெரியாது என்று என் எதிரிகூடச் சொல்ல முடியாது. திசை நன்றாகத் தெரிந்ததால்தான் என் ஒரே தம்பியின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ‘சூலம்’ என்று ஒன்று போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் பயணம் ஆகாது என்று அர்த்தம். சனிக்கிழமைக்குக் கிழக்கு ஆகாது. கட்டாயம் போய்த்தான் தீரவேண்டும் என்றால் அதற்குப் பரிகாரமும் பக்கத்திலேயே இருக்கும். சனிக்கிழமைக்குத் தயிர். ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். ஊரில் இருந்தவரை நான் இதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மதுரையை விட்டு சிட்னிக்கு வந்து நார்த்மீட்டில் குடியேறிய பிறகுதான் எனக்குள் இந்தப் பஞ்சாங்கப் பைத்தியம் முளைத்தது. (விமானம் ஏறினால் சிலருக்குக் காது அடைக்கும். எனக்கு இது.)

தம்பி கார்த்திக்குப் பார்த்திருந்த பெண் துவாரகா, யாழ்ப்பாணத்துக் குடும்பம். பார்த்தது என்ன, அவனே பார்த்துக்கொண்டான். தங்கமான மனிதர்கள். எனக்குத்தான் ஒரு வீம்பு. மாப்பிள்ளை வீட்டார் முறை தெரியாதவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது! ஆகவே முகூர்த்தம் குறித்தது நான். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. அது கழிந்து பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்காலுக்குள் தாலி கட்ட வேண்டும் என்று காலண்டரைப் பார்த்து நானே அறிவித்தேன். ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று என் கணவர் சொன்னதற்கு, “இதுல இல்லாததா ஐயருக்குத் தெரியப்போகுது?” என்று கேட்டு வாயை அடைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. நாத்தனார் முடிச்சு வேண்டும் என்றேன். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, அடுத்ததை அவன் கூடப் பிறந்தவள் போடுவது எங்கள் வழக்கம். அவர்கள் பக்கத்தில் அப்படி இல்லை. தாலிக்கொடியோடு ஒரு மஞ்சள் கயிறும் கட்ட வேண்டும், முடிச்சு நான் போட வேண்டும் என்று நான் பேசிய பேச்சில் துவாரகாவின் அப்பா, “ஓம் பிள்ளை, ஓம், உங்கட விருப்பம் போல செய்வம்” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கல்யாணம் சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் கோயிலில். தை மாதம், அதாவது இங்கே கொளுத்தும் கோடை. என் கணவர் என் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு விடியற்காலையே போய்விட்டார். மாப்பிள்ளையைக் கூட்டிவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ராகு காலத்துக்கு முன் வாசல் தாண்ட வேண்டும் என்று எட்டே முக்காலுக்கெல்லாம் கார்த்தியைப் பட்டு வேட்டியோடு காரில் தள்ளினேன். ஒரு மணி நேரப் பயணம்தான். பின் சீட்டில் மதுரையிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த சித்தி. சித்தியின் கையில் போன். போனில் திசைகாட்டி. இந்த ஊரில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போவதால் எந்தப் பக்கம் திரும்பி விளக்கேற்றுவது என்று குழம்பி, வந்த மறுநாளே அதை இறக்கி வைத்திருந்தாள்.

என்ன உற்சாகம் என்கிறீர்கள்! தம்பி பாட்டுப் போட்டான், சித்தி கை தட்டினாள், நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். கார் தெற்கே பறந்தது.

மோட்டார்வேயில் ஒரு இடத்தில் இடது பக்கம் பிரிய வேண்டும். அங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான். குட்டி மாநில நெடுஞ்சாலை. இந்தப் பக்கம் ஒரு பெரிய சாலை, அந்தப் பக்கம் கடலோரமாகப் போகும் இன்னொரு பெரிய சாலை. இரண்டையும் சேர்த்து வைப்பது தவிர அதற்கு வேறு பிழைப்பு கிடையாது. கல்யாணத் தரகர் என்றே சொல்லலாம். காட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும், அவ்வளவுதான். நான் இண்டிகேட்டர் போட்டேன்.

“மீனா, இந்த ரோடு நேரா கிழக்காலதானே போகுது?” என்றாள் சித்தி.

சனிக்கிழமை. கிழக்கு. தயிர்! தயிர் நார்த்மீட்டில் ஃபிரிட்ஜுக்குள் பத்திரமாக இருந்தது.

“அக்கா, அது வீட்ட விட்டுக் கிளம்புறதுக்குத்தான். ரோடு வளையுறதுக்கெல்லாமா சூலம் பாப்பாங்க?” என்றான் கார்த்தி. பாவம், அன்று காரில் புத்தியோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

“உன் வாழ்க்கைடா! நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்!” என்று இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராக விட்டேன்.

“ஏன்க்கா, கோயிலே கிழக்கால இருக்கு. கிழக்கால போகாம எப்படிப் போவ?”

“தெற்கே போய், அப்புறமா மெல்லத் திரும்பிக்கலாம்.”

எங்கே திரும்புவது, மெல்லத் திரும்பினாலும் அது கிழக்குதானே என்பதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்தபோது தலைக்கு மேலே பச்சைப் பலகையில் கான்பெரா என்று போட்டிருந்தது. மோட்டார்வேயில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. அடுத்த வெளிவழி வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவோ வரவே மாட்டேன் என்றது. கார்த்தி பாட்டை நிறுத்திவிட்டான்.

ஒரு வழியாக வெளியே வந்து, பெயர் தெரியாத ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் பங்க் ஒன்றைப் பிடித்தேன். பட்டுப் புடவை, ஒட்டியாணம், தலை நிறைய மல்லிகையோடு உள்ளே ஓடி, “யோகர்ட்! ப்ளெயின் யோகர்ட்! எமர்ஜென்சி!” என்று கத்தினேன். கவுண்டரில் இருந்த பெண் பயந்துபோய் ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டாள். அலமாரி முழுக்கத் தேடியும் இருந்தது ஸ்ட்ராபெரி மட்டும்தான்.

காரில் அவசர மாநாடு நடந்தது. ஸ்ட்ராபெரி செல்லுமா, செல்லாதா? சித்திதான் தீர்ப்புச் சொன்னாள். “தயிர் சாதத்துல மாதுளம்பழம் போடுறோம்ல? அதுக்காக அது தயிர் இல்லேன்னு ஆயிருமா? குடுடி.”

மூவரும் ஆளுக்கொரு டப்பா பிரித்தோம். நான் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, இனி எட்டுத் திக்கும் நமக்கே என்ற வேகத்தில் காரை ரிவர்ஸ் எடுத்து, ஒரு கம்பத்தைக் கண்டு சடாரென்று பிரேக் போட்டேன். கார்த்தியின் டப்பா பறந்தது. வெள்ளைப் பட்டு வேட்டியில், தொடையிலிருந்து முழங்கால் வரை, இளஞ்சிவப்பு.

அவன் திட்டியிருந்தாலும் தேவலை. வேட்டியைப் பார்த்தான், வெளியே பார்த்தான், “சரி விடுக்கா, போலாம்” என்றான்.

மறுபடி மோட்டார்வே, மறுபடி அந்தப் பிரிவு. நேரம் பதினொன்றை நெருங்கியது. குட்டி நெடுஞ்சாலையில் நுழைந்தால் எங்களுக்கு முன்னால் ஒருவர் காருக்குப் பின்னே படகைக் கட்டி இழுத்துக்கொண்டு, கடலுக்குப் போகிற குஷியில் ஊர்ந்துகொண்டிருந்தார். போக ஒரு தடம், வர ஒரு தடம். இரண்டு பக்கமும் காடு. முந்தவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. பின் சீட்டிலிருந்து சித்தி நேர்முக வர்ணனை கொடுத்தாள். “கிழக்கு... கிழக்கு... இப்ப தென்கிழக்கு மீனா, கொஞ்சம் பரவால்ல.”

போன் அடித்தது. துவாரகாவின் அப்பா.

“பிள்ளை, எங்க நிக்கிறியள்? பொம்பிளை மணவறைக்கு வந்திட்டா. சனமெல்லாம் பாத்துக்கொண்டு இருக்குது.”

“இந்தா வந்துட்டோம் அங்கிள்! டிராஃபிக்!” என்றேன். பொய் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

கார்த்தி போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, “அக்கா, நான் வரமாட்டேன்னு அவ நெனச்சிருவாளோ?” என்று கேட்டான்.

காலண்டரும் சூலமும் அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் ஓடிப்போய்விட்டன. என் தம்பி கல்யாணக் கோலத்தில் ஸ்ட்ராபெரி வாசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அங்கே ஒரு பெண் அத்தனை பேருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் என் கைங்கரியம். ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே ஹாரன் அடித்தேன். படகுக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாரோ என்னவோ, ஓரம் கட்டி வழிவிட்டுக் கையை ஆட்டி வாழ்த்தும் சொன்னார். புண்ணியவான், நன்றாக இருக்கட்டும்!

அதன்பிறகு நான் ஓட்டிய ஓட்டம் என் உரிமத்துக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. கோயில் வாசலில் கார்த்தியையும் சித்தியையும் இறக்கியபோது முகூர்த்தம் முடிய ஒரு சில நிமிஷமே இருந்தது. “நீ ஓடுடா! எனக்காக நிக்காத, கட்டிரு!” என்று கத்தினேன். அவன் ஓடினான். நான் பார்க்கிங் தேடினேன். அன்று சிட்னித் தமிழர்களின் அத்தனை கார்களும் அங்கேதான் இருந்தன. கடைசியில் எங்கோ கீழே மரத்தடியில் நிறுத்திவிட்டு, செருப்பைக் காரிலேயே விட்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு மேடேறி ஓடினேன். மேளச் சத்தம் நின்றிருந்தது. தாலி கட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். சண்டை போட்டு வாங்கிய முடிச்சு போச்சு! எனக்கு நன்றாக வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தேன்.

கட்டவில்லை. கார்த்தி இளஞ்சிவப்புக் கறை வேட்டியோடு மணவறையில் இருந்தான். கையில் மஞ்சள் கயிறு. ஐயர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்ல, துவாரகா குனிந்த தலை நிமிராமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“மச்சாள் வரட்டும் ஐயா. அவ வந்துதான் முடிச்சுப் போட வேணும். இவ்வளவு நேரம் இருந்தனான், இன்னும் இருப்பன்.”

அவர்கள் வழக்கத்திலேயே இல்லாத முடிச்சு! அதற்காக அந்தப் பெண் என் முகூர்த்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நேரம் தாண்டிடுத்தே” என்றார் ஐயர். மணி பன்னிரண்டுக்குப் பத்து.

அப்போது துவாரகாவின் அப்பா எழுந்தார். “ஐயா, ஒண்டு கேக்கிறன். இஞ்ச இப்ப கோடை. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கிறம் எல்லோ? சூரியனுக்கு அது தெரியுமோ? சூரியனுக்கு இப்ப பதினொண்டும் ஆகேல்லை. ராகு காலமே இப்பதான் கழிஞ்சிருக்கு.”

ஐயர் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, “ஆமாம், வாஸ்தவம்!” என்றார். எனக்குத் தலை சுற்றியது. நான் குறித்த நேரத்தில், நான் சொன்னபடி பத்தே முக்காலுக்கு வந்து சேர்ந்திருந்தால், நட்ட நடு ராகு காலத்தில் தாலி ஏறியிருக்கும்! “கெட்டிமேளம்!” என்று யாரோ கத்த, மேளம் மண்டபத்தை அதிரவைத்தது. கார்த்தி முதல் முடிச்சைப் போட்டான். நான் துவாரகாவின் பின்னால் போய் நின்று, அடுத்த முடிச்சைப் போட்டேன். என் கண்ணீர் அவள் பின்னங்கழுத்தில் சொட்டியது.

அதற்குள் கார்த்தி அவள் காதில் நடந்ததையெல்லாம் ஓதியிருக்கிறான். துவாரகா தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “மச்சாள், நீங்கள் இப்ப கிழக்கைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறியள்” என்றாள்.

தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணும் நாத்தனாரும் சேர்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறோம். வீடியோவில் அப்படியே இருக்கிறது. என் கண்ணீரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு பாசம் பாருங்கள் என்று இன்றும் சொந்தக்காரர்கள் உருகுகிறார்கள்.

ராகு காலத்திலிருந்து கல்யாணத்தைக் காப்பாற்றியது என் சூலம்தான் என்று நான் வருஷக்கணக்காக வாதாடிப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. மாறாக, அந்தக் குட்டி நெடுஞ்சாலைக்கு அரசாங்கம் வைத்த பெயரை எடுத்துவிட்டு ‘மச்சாள் ரோடு’ என்று வைத்துவிட்டார்கள். போன வாரம் கோயிலுக்குப் போகும்போது அந்தப் பிரிவு வந்ததும், பின் சீட்டிலிருந்து கார்த்தியின் மகள், “அத்தை, டுடே இஸ் சாட்டர்டே. ஆர் வி அலவுட்?” என்று கேட்டாள். துவாரகா கைப்பையைத் திறந்து ஒரு ஸ்ட்ராபெரி யோகர்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.