நான் மாட்டிய இரண்டாவது எஞ்சின்

பொறாமைப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. பக்கத்து மேசைக்காரனின் டீயில் நுரை கொஞ்சம் அதிகமாக இருந்தால்கூட எனக்கு மனசு ஆறாது.

அந்தப் பக்கத்து மேசைக்காரன் பிரபு. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நாங்கள் இருவரும் ஆர்டரைக் கவனித்து முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசர்கள். சிறுவர் டீ-சர்ட்டில் போர் விமானம் அச்சடிக்கும் ஆர்டர் ஒன்று வெளிநாட்டுப் பையரிடமிருந்து வந்தது. அதை யார் நன்றாக முடிக்கிறாரோ அவருக்குத்தான் சீனியர் பதவி என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பிரபு, விமானப்படைத் தளம் இருக்கும் சூலூர்க்காரன். தலைக்கு மேல் போர் விமானம் பறக்கப் பறக்க வளர்ந்தவன். டிசைனைப் பார்த்த முதலாளி, "ஏனுங் பிரபு, இதுல ஒத்தை எஞ்சின்தான் இருக்குது. சண்டைக்குப் பத்துமா?" என்றார்.

"தாராளமாங்க. எடை கம்மி, செலவு கம்மி, நெறைய வாங்கி வெச்சுக்கலாம். ரெண்டு எஞ்சின்னா குண்டு அதிகமாத் தூக்கும், தூரம் போகும், ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணுல ஊடு வந்து சேந்தரலாம். ஆனா ஜெயிக்கறது ராடாரும் ஏவுகணையும் ஓட்டறவனுந்தானுங்க."

முதலாளி கைதட்டினார். (எனக்கு ஒரு நாளும் தட்டியதில்லை.)

ஒரு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் வீடியோ பார்த்தேன். ரெண்டு எஞ்சின்தான் உசத்தி என்று முடிவுக்கு வந்தேன். பிரபு ஒன்றே போதும் என்றானே, அது ஒன்றுதான் காரணம்.

அவன் லீவு போட்ட அன்று அருள்புரத்துப் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போனேன். படத்தில் விமானம் நமக்கு முதுகைக் காட்டி மேலே ஏறும். வால் நடுவில் எஞ்சினுக்கு ஒரே ஒரு வட்டம். அதைப் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டாக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, பையர் ஓகே பண்ணுன சாம்பிள்ல ஒண்ணுதானுங்களே இருக்குது?" என்றார் பிரிண்டிங் மாஸ்டர்.

"சண்டையில ஒண்ணு நின்னு போச்சுன்னா நீங்க போய்த் தள்ளுவீங்களா?"

அவர் இன்னொரு வட்டத்தைச் சேர்த்தார். மொத்தச் சரக்கும் அடித்து முடிந்தது.

வீடியோ காலில் பையர் மேடம் டீ-சர்ட்டை உற்றுப் பார்த்தார். "இந்தப் பன்றிக்கு எதற்கு இறக்கை?" என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். உருண்டையான வால், நெருப்புக்காக அடித்த ரோஸ் கலர், நடுவில் ரெண்டு ஓட்டை. அசல் பன்றி மூக்கு! முதலாளி என் பக்கம் திரும்பினார்.

பிரபு குறுக்கே புகுந்தான். "மேலே ரெண்டு காது அடித்துவிடலாம் மேடம். சின்னக் குழந்தைகளுக்குப் பறக்கும் பன்றி!" என்று இங்கிலீஷில் எடுத்துவிட்டான். அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சரக்கு போனது, விற்றது, ரிப்பீட் ஆர்டரும் வந்தது. சீனியர் பதவி பிரபுவுக்கு. தப்பு பண்ணியது நான், பேர் வாங்கியது அவன். அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

போதாக்குறைக்கு என் மகள் பிறந்தநாளுக்கு அந்த டீ-சர்ட்டையே பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தான். இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்து, "அம்மா, இந்தப் பன்னிக்கு எஞ்சின் எங்கிருக்குது?" என்று கேட்கிறாள்.

வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே என் மனைவி சொல்கிறாள்: "அதுக்கு எஞ்சினே வேண்டாங் கண்ணு. உங்கப்பா வயித்தெரிச்சல்லயே பறக்கும்."