இரண்டு அடுப்பு வைத்த வீடு

சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்து நலமோடு வாழும் பாலகுமார் மாமாவுக்கு,

கடலூரிலிருந்து உங்கள் அக்கா மகள் வினோதினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நடந்தது அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்யப்போகிறேன். என் மேல் உள்ள தப்பையும் மறைக்கமாட்டேன். அப்பா நலம். அம்மா நலம். இருவரும் தனித்தனியாக நலம். அங்கே அத்தையும் பாப்பாவும் நலமா? மழை தொடங்கிவிட்டதால் உங்களுக்குப் பஞ்சர் வேலை அதிகமாக இருக்கும். இருந்தாலும் இதை முழுவதும் படிக்கவும்.

தொழிற்பேட்டை மதில் சுவருக்குப் பின்னால் அரசு புறம்போக்கில் நம் தெரு இருப்பது உங்களுக்குத் தெரியும். சித்திரை மாதம் அந்த நிலத்தைச் சீரமைக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் பெயர் 'தொழிற்பகுதி அண்டை அரசு நில மறுமேம்பாட்டு ஆணையம்'. ஒரு பலகையில் அடங்காததால் இரண்டு பலகையாக எழுதித் தெருமுனையில் நட்டார்கள். இரண்டாவது பலகை காற்றில் விழுந்துவிட்டது. அதனால் இப்போது எங்கள் முனையில் 'தொழிற்பகுதி அண்டை அரசு' என்று மட்டும் இருக்கிறது. செம்மங்குப்பத்தில் பஸ் இறங்கி வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். வீடுகளை எடுத்துவிட்டு ரோடும் பூங்காவும் தொழிலாளர் விடுதியும் கட்டுவார்களாம். எங்களுக்கு நான்கு மாடிக் கட்டிடத்தில் குடும்பத்துக்கு ஒரு வீடு. குடும்பம் என்றால் என்ன என்று நோட்டீஸில் விளக்கம் இருந்தது: தனி வாசல், தனி அடுப்பு, தனி ரேஷன் அட்டை. நான்தான் அதைத் தெருவுக்கே உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

படித்துக் காட்டிய இரண்டாவது வாரம் நாற்பது குடும்பமாக இருந்த தெரு தொண்ணூற்றேழு குடும்பமானது. எந்தப் புயலுக்குக் கணக்கெடுக்க வந்தாலும் எங்கள் தெரு இப்படிப் பிரியும், நிவாரணம் வந்ததும் சேர்ந்துகொள்ளும். எதிர்வீட்டு ரத்தினம்மாள் அத்தை மூன்று பிள்ளைகளையும் ஒரே நாளில் தனிக்குடித்தனம் வைத்தார். மூன்றாவது அண்ணனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. எங்கள் வீட்டில்தான் பிரிவதற்கு ஆள் இல்லை. நான் ஒருத்தி, பத்தாம் வகுப்பு. ஆகவே அப்பா அம்மாவைப் பிரிவதென்று முடிவு செய்தார்.

"எல்லாம் பேப்பர்லதான் பவானி" என்றார் அப்பா.

"பேப்பர்ல பிரியறதுக்கு அடுப்பு எதுக்கு ரெண்டு?"

"அத்தாரிட்டி ஆளு வந்து பாப்பாரு இல்ல. ஒரு வீட்டுக்கு ரெண்டு வீடு வருதுன்னா கசக்குதா ஒனக்கு?"

இரண்டே நாளில் ஹாலோ பிளாக் வைத்து வீட்டின் நடுவில் சுவர் எழுப்பினார். மாமா, சுவர் நன்றாகவே இருக்கிறது. அப்பா கட்டியதில் இதுதான் கோணல் இல்லாதது. டிவி, ஃபேன், தெரு வாசல் எல்லாம் தன் பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டார். அம்மாவுக்குச் சமையலறையும் குழாயும் கழிவறையும் பின்வாசலும் போயின. பங்கில் தான் ஜெயித்ததாக அப்பா ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். ஒற்றை ஆள் குடும்பம் என்றால் சந்தேகப்படுவார்கள் என்று என் பெயரைத் தன் அட்டையில் எழுதிக்கொண்டார்.

ஆணையத்தின் சர்வேயர் செந்தமிழ்செல்வன் சார் சொல்லாமல் கொள்ளாமல் வருவார் என்று தெருவில் பேச்சு. அதனால் அம்மா அப்பாவுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டார். "தட்டுல எங்கொழம்பு இருந்தா ஆபீசர் கேக்க மாட்டாரா? பேப்பர்ல இருக்கறாப்புலதான நடக்கணும்" என்றார். அப்பா யூடியூப் பார்த்து சாம்பார் வைத்தார். முதல் வாரம் அதைச் சாப்பிட்டது நான். இதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை. அம்மா பக்கம் சாயங்காலமானால் பக்கத்து வீட்டுத் தனம் அக்காவும் மற்றவர்களும் வந்து உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். அம்மா சுவரைத் தட்டுவார். அப்பா குறைப்பார். முன்பெல்லாம் குறைக்கமாட்டார்.

ஆவணியில் சர்வேயர் வந்தார். அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். "இந்தப் பக்கம் யாரும்மா படுக்கறது?" என்று என்னைக் கேட்டார். யாரும் இல்லை சார், அப்பா காற்றுக்காக வெளியே கட்டிலில் படுப்பார், நான் அம்மா பக்கம் படுப்பேன் என்றேன். அறையில் மீந்த ஹாலோ பிளாக்குகளும் சிமெண்டு மூட்டையும் நீங்கள் போட்டுவிட்டுப் போன இரண்டு பழைய சைக்கிளும் இருந்தன. அவர் குறித்துக்கொண்டு போனார். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னேன் மாமா. நான் சொன்னதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் பட்டியல் ஒட்டினார்கள். அம்மாவுக்கு இரண்டாவது மாடியில் வீடு. அப்பாவின் பெயருக்கு எதிரே 'கிடங்கு, குடியிருப்பு அல்ல' என்று இருக்கிறது. அட்டையின்படி நானும் கிடங்கில் இருக்கும் பொருள்தான். பொங்கல் கழிந்ததும் தெருவை இடிப்பார்கள். எங்களை அம்மா தன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் எங்களுக்கு இடம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அப்பா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"யோசிச்சிச் சொல்றேன்" என்றார் அம்மா.

"இதுல யோசிக்க என்னா இருக்கு?"

"அஞ்சு மாசமா எனக்குத் தலைவலி இல்லைங்க. அதத்தான் யோசிக்கிறேன்."

நான்கு நாளாகிறது. அப்பா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இப்போது ஆணையத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து, மீந்த விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்க வந்தோம். எங்கள் டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு. மூன்று மணி நேரமாக நகர்ந்து இப்போது தொண்ணூறு நடக்கிறது. அப்பா நாற்காலியில் தூங்கிவிட்டார். நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார். வியாழக்கிழமையே பஸ் பிடித்து வந்துவிடவும்.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு என் முத்தங்கள். பதில் எழுதினால் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதவும். கிடங்குக்குத் தபால்காரர் வருவாரா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள
வினோதினி

பின்குறிப்பு: மாமா, நீங்கள் வர வேண்டாம். அம்மா வந்துவிட்டார். வேலை முடிந்து நேராக வந்து அப்பாவின் தோளைத் தட்டி எழுப்பினார். "டோக்கன வச்சிக்கிட்டுத் தூங்குவீங்கன்னு தெரியும். எழுந்திரிங்க, நம்பர் கூப்புடுறாங்க." கவுன்ட்டரில் இருந்த அக்கா, "சேந்து இருக்கீங்களா, பிரிஞ்சி இருக்கீங்களா? ஏதாவது ஒண்ணுதாம்மா டிக் பண்ண முடியும்" என்றார். அம்மா அப்பாவையே சிறிது நேரம் பார்த்தார். "சேந்துதான் இருக்கோம். நடுவுல ஒரு சுவரு இருக்கு." அந்த அக்கா, "புது வீட்டுல அதெல்லாம் வராதும்மா, ஒரே ஹால்தான்" என்றார். அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அப்பா, "நான் கட்டித் தர்றேன்" என்றார். அம்மா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மணி ஐந்தே முக்கால். எங்கள் மூன்று பேரையும் உள்ளே வைத்துக்கொண்டே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.